இலையுதிர் காலம் இல்லாத ஊரில்

(தேனியில் புகைப்படக்காரர்கள் கூடிய அரங்கில், தை மாத ஞாயிறு ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, இலையுதிர் காலத்து வண்ணங்களை அடக்கமாகப் படம் பிடிப்பது. அழைப்பிதழைப் பார்த்ததும் என் வீட்டில் சிரித்துவிட்டார்கள். "தேனியில ஏதுங்க இலையுதிர் காலம்? வாசல்ல நான் தினம் கூட்டுற சருகத்தான் சொல்றீகளா?" என்று கேட்டார் என் மனைவி. நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நம் முன்னோர் வருஷத்தை ஆறாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். இதில் இலையுதிர் காலம் எங்கே? இல்லை. பள்ளிக்கூடத்தில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவம் படித்தோமே, அது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே இலை கொட்டுகிற அதே ஐப்பசியில் இங்கே அடைமழை. அங்கே மரம் உடுப்பைக் கழற்றுகிறது, இங்கே நாம் குடையைத் தேடுகிறோம். நமக்கு இலை உதிர்வது தையில், மாசியில், பங்குனியில். பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் சேர்த்துக் கொடுத்தது தொல்காப்பியம். மரம் மொட்டையாய் நிற்பதை எந்த மாதத்தில் பார்க்க முடியும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புலவர்கள் என்னைத் திருத்தலாம்.

இலை ஏன் நிறம் மாறுகிறது? குளிர்நாட்டில் பகல் சுருங்குகிறது, குளிர் இறங்குகிறது. மரம் தன் பச்சையத்தை உடைத்து, இலையில் இருக்கும் சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் அந்தக் கடைசி நாட்களில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகவே தயாரிக்கின்றன. அமெரிக்காவின் மேப்பிளும் காஷ்மீரத்துச் சினாரும் பற்றி எரிவது போலத் தெரிவது இப்படித்தான். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில். நம்முடைய நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் மரங்களுக்கு இலையை உதிர்க்கச் சொல்வது மண்ணின் வறட்சி. ஓடைக்கரை மரத்துக்கு ஒரு தேதி, பாறை மேல் நிற்கும் மரத்துக்கு ஒரு தேதி. ஊரே ஒரே வாரத்தில் சிவந்து நிற்கும் காட்சி இங்கே கிடைக்காது.

அப்படியானால் நமக்குச் சிவப்பே இல்லையா? இருக்கிறது. அங்கே சாகப்போகிற இலை சிவக்கிறது, இங்கே பிறக்கிற இலை சிவக்கிறது. அதே ஆந்தோசயனின்தான். மாந்தளிர்!

பெரியகுளம் பக்கம் மாந்தோப்புகளில், காய் இறங்கி முடிந்த பிறகு, ஆவணி புரட்டாசி மழை ஒன்று விழட்டும். கரும்பச்சைத் தோப்பின் தலையில் அங்கங்கே செம்பு நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தளிர் இறங்கும். இறங்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், மாந்தளிர் நிமிர்ந்து நிற்காது, தொங்கும். ஈரத்துணி மாதிரி துவண்டு தொங்கும். செம்பு, பிறகு தேன், பிறகு வெளிறிய பச்சை, பிறகு மற்ற இலைகளோடு இலையாய்க் கரும்பச்சை. சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். இளம் இலையை வெயிலிலிருந்து காக்க ஒரு திரை என்கிறார்கள் சில ஆய்வாளர்கள், பூச்சிகளை ஏமாற்ற ஒரு வேஷம் என்கிறார்கள் வேறு சிலர். புடவைக் கடையில் "மாந்துளிர் கலர் எடுங்க" என்று சொல்லும் பெண்களுக்கு இந்த நிறம் தெரியும். அது சிவப்பா? அல்ல. பழுப்பா? அதுவும் அல்ல. மடிப்பில் ஒரு நிறம், வெளிச்சம் பட்டால் ஒரு நிறம். கடைக்காரர் பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டாலும், "இது இல்ல, இது இல்ல" என்று தள்ளுவார்களே, அந்தக் கண்தான் நமக்கு வேண்டும்.

நான் அந்தக் கண்ணைச் சம்பாதித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், ஃபிலிம் காலம். ஒரு முப்பத்தாறு ரோலைப் போட்டு, பெரியகுளம் பக்கத்துத் தோப்பு ஒன்றில் மாந்தளிரை எடுத்தேன். கல்யாண ஆர்டருக்கு வாங்கிய ரோல், திருட்டுத்தனமாக எடுத்ததுதான். மதுரையில் ஒரு லேபுக்கு பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். பிரிண்ட் வந்தது. கவரைப் பிரித்தால், முப்பத்தாறிலும் இலை பச்சை! தளிரும் பச்சை, முற்றல் இலையும் பச்சை. நடுவில் நின்ற தோட்டக்காரரின் வேட்டி, சொட்டுநீலம் அதிகமாய்ப் போட்டு அலசியது போல இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மறுநாள் நேரில் போய்க் கேட்டேன். அந்தத் தம்பி வெகு பொறுப்பாகச் சொன்னார்: "இலையெல்லாம் செவப்பா வந்துருந்துச்சுண்ணே. கலர் மாறிப்போச்சுன்னு நான்தான் ஒக்காந்து சரி பண்ணுனேன்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இலை என்றால் பச்சை என்று ஒன்றாம் வகுப்பில் கிரேயான் கொடுத்துச் சொல்லிவைத்தது யார்? நாம்தானே?

கதை அங்கே முடிந்திருந்தால் நான் யோக்கியன். முடியவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து டிஜிட்டல் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, சாச்சுரேஷன் என்று ஒரு பட்டை வந்தது. அதே தோப்பு, அதே மரம், அதே மாதம். எடுத்து வந்து, அந்தப் பட்டையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். ஆகா! லேப் என்னிடமிருந்து பறித்த சிவப்பையெல்லாம் வட்டியோடு திரும்ப வாங்கினேன். பெரிதாய்ப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, தோட்டக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் அவருக்கு வயதாகியிருந்தது. கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். "இது நம்ம மரமாப்பா? மருந்து கூடிப்போயி கருகுன மாதிரில்ல இருக்கு" என்றார்.

சபையோரே, எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே உயர்ந்தது அதுதான். அவர் நிறத்தைப் பார்த்து ரசிக்கவில்லை, நிறத்தைப் படித்தார். அந்தச் சிவப்பு அவருக்கு ஒரு செய்தி. இந்த அளவு செம்பு என்றால் தளிர் நன்றாய் இருக்கிறது. இதற்கு மேல் போனால் நோய், கருகல், நஷ்டம். நான் அழகைக் கூட்டுவதாக நினைத்து மரத்துக்கு நோய் வரவழைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். படத்தை அந்த மரத்துக்கு உரியவரிடம் காட்ட வேண்டும். "எந்த ஊருப்பா இது?" என்று அவர் கேட்டால் படம் தோற்றது. "நம்ம மேக்கால வரிசை மரம்தானே" என்று கேட்டால் பிழைத்தது. எனக்குத் தெரிந்த அடக்கம் இவ்வளவுதான். இடம் கொடுத்ததற்கு மேல் எடுத்துக்கொள்ளாதிருப்பது.

நிறத்தைக் கூட்டுகிற ஆசை நம் கை செல்போனோடு வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 1990-இல் ஃபியூஜி கம்பெனி வெல்வியா என்று ஒரு ஸ்லைடு ஃபிலிமை வெளியிட்டது. பச்சை என்றால் பாசி பிடித்த பச்சை, சிவப்பு என்றால் குங்குமச் சிவப்பு. உலகம் முழுவதும் இயற்கைப் படக்காரர்கள் அதன் பின்னால் போனார்கள். இன்றைக்கு அந்த வேலையைச் செல்போனே நம்மைக் கேட்காமல் செய்துவிடுகிறது. வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கும், இலையைக் கொஞ்சம் பச்சையாக்கும், அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கும். இந்த மூன்றாவதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். மாந்தளிர் நிறத்து மேனி என்று பெண்ணைக் கொண்டாடிய மொழி நம்முடையது. இன்றைக்கு அதே நிறத்துப் பெண்ணின் படத்தை ஃபில்டர் போட்டு வெளுக்கிறோம். போகட்டும்.

எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எலியட் போர்ட்டர், அமெரிக்கர், மருத்துவம் படித்தவர். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி, இலையுதிர் வண்ணத்துக்கே பேர்போன இடம், அங்கே எடுத்த படங்களை வைத்து 1962-இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை வெளியிட்டது. மலை முழுக்கச் சிவந்து நிற்கும் நாட்டில் இருந்துகொண்டு, அவர் பல படங்களில் என்ன எடுத்தார் தெரியுமா? வானத்தைக் காட்டாமல், தரையில் கிடக்கும் இலைகளை. ஈரப்பாறையை. சாம்பல் நிறத் தண்டுகளுக்கு நடுவே நாலைந்து மஞ்சள் இலையை. கொட்டிக் கிடக்கிற ஊரில் கிள்ளி எடுத்தார். கிள்ளி மட்டுமே கிடைக்கிற ஊரில் நாம் கொட்டப் பார்க்கிறோம்.

சரி, நம் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே போய்ப் பார்ப்பது? காட்டுக்குத்தான் போக வேண்டுமா? வேண்டாம். இந்த மண்டபத்தின் வாசலில் நிற்கும் வாதாமரத்தைப் பார்த்தீர்களா? யாராவது பார்த்தீர்களா? அதன் நிழலில்தான் அத்தனை பேரும் வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். முதிர்ந்த இலை சிவந்து உதிரும் மரம் நம் தெருக்களில் ஒன்று உண்டென்றால் அது வாதாமரம்தான். தை பிறந்ததும் ஆரம்பிக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவைகூட உதிர்க்கும். ஒரே இலையில் பச்சை, மஞ்சள், செங்கல், கருஞ்சிவப்பு, நரம்பு மட்டும் மஞ்சளாக. பள்ளிக்கூடத்து மைதானத்தில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கிறது. மேப்பிள் மரத்தைத் தேடிக் கனடாவுக்குப் போக ஆசைப்படும் தம்பிகளே, உங்கள் பைக் சீட்டின் மேல் விழுந்திருப்பதைத் தட்டிவிட்டுத்தானே உள்ளே வந்தீர்கள்?

தமிழில் இலைக்கு எத்தனை பெயர் பாருங்கள். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. பிறப்பிலிருந்து மண் வரைக்கும் படிப்படியாக. இன்றைக்கு நாம் நிறத்தின் பெயராகச் சொல்கிறோமே பழுப்பு, அது பழுத்த இலையின் பெயர். நம் மொழியில் இலை வாடுவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், பழுக்கிறது. பழம் மாதிரி. படம் எடுப்பவனுக்கு இந்த ஒரு சொல் போதும். பழுத்த இலையைச் சோகமாகக் காட்ட வேண்டியதில்லை. நாம் ஒரு வயலின் இசையைச் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்து இலவம். போடியின் இலவம்பஞ்சுத் தலையணையில் தலை வைக்காதவர் இந்த அரங்கில் யாரும் இருக்க மாட்டார்கள். மார்கழி, தையில் அந்த மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கும். அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் நீட்டிய கிளை, அதில் வரிசையாகத் தொங்கும் காய். பங்குனி, சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு காற்றில் போகும். மொட்டைக் கிளை, பழுப்புக் காய், வெள்ளைப் பஞ்சு, பின்னால் வெயிலில் வெளிறிய வருசநாட்டு மலை. இதில் நிறம் எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் பாடமே. சாம்பலுக்கும் பழுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்று இந்த மரம் கற்றுக் கொடுக்கும். கூடவே காட்டோரத்து முள் இலவையும் பாருங்கள், இலையே இல்லாத கிளையில் கை அகலச் சிவப்புப் பூ, அதில் மைனா, அணில். அது எடுக்க எளிது, அடக்குவது கடினம். நான் இலவு காத்த கிளியாக எத்தனை காலை உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? பழமொழியில் கிளி ஏமாந்தது. எனக்கென்னவோ, காத்திருந்த நேரத்தில் அது மரத்தை நன்றாகப் பார்த்திருக்கும் என்று படுகிறது.

கம்பம் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. பன்னீர் திராட்சை. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள், 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்த் திராட்சைக்கு ஒரு சீசன், இங்கே வருஷம் முழுக்கக் காய்ப்பு. எப்படி? ஒவ்வொரு தோட்டக்காரரும் தன் கணக்குப்படி கவாத்து செய்கிறார். அதனால் ஒரே நாளில், ஒரே வாய்க்கால் ஓரத்தில், ஒரு பந்தல் வெறும் குச்சியாய் நிற்கும். பக்கத்துப் பந்தலில் இளந்துளிர். அதற்கடுத்ததில் கருநீலக் குலை. அதற்கடுத்ததில் காய் வெட்டி முடித்து, ஓரம் மஞ்சளாகித் துரு ஏறிய கிழட்டு இலை. நான்கு பருவமும் நாலு ஏக்கரில்! இலையுதிர் காலத்துக்கு ஒரு மாதம் கேட்டீர்களே, இங்கே அது ஒரு வரப்பைத் தாண்டினால் வருகிறது.

அந்தக் கிழட்டு இலையை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பந்தலுக்கு அடியில் எல்லாமே பச்சை வெளிச்சம். கல்தூண் பச்சை, ஆளின் சட்டை பச்சை, நெற்றியும் பச்சை. கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அந்தப் பச்சையைக் கொல்லப் பார்க்கும். கொல்ல விடாதீர்கள், முழுதாய் விட்டும் வைக்காதீர்கள். எவ்வளவு? தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவிடம் கேமராவின் திரையைக் காட்டுங்கள். "நான் எப்பய்யா இப்படிப் பச்சையா இருந்தேன்" என்பார். கொஞ்சம் குறையுங்கள். அவர் தலையாட்டும் இடத்தில் நிறுத்துங்கள். இதைவிட நல்ல கருவி கடையில் கிடையாது.

வயலை மறந்துவிட்டேன் பாருங்கள். 1895-இல் பெரியாற்று அணை கட்டி முடித்து, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பினார் பொறியாளர் பென்னிகுக். இன்றைக்கு லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம். ஜூனில் தண்ணீர் திறந்த வருஷம், ஐப்பசி வாக்கில் முதல் போகம் பழுக்கும். நம் பள்ளத்தாக்கில் ஊர் முழுக்க ஒன்றாய் நிறம் மாறுவது இந்த ஒன்றுதான், அதுவும் மனிதன் நட்டது. பொன் நிறம் என்று சொல்லிவிடுகிறோம். உற்றுப் பாருங்கள், கதிர் வைக்கோல் நிறம், தாள் இன்னும் பச்சை. பசும்பொன் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. பச்சையை முழுதாய் எடுத்துவிட்டு மஞ்சளை ஏற்றினால், அது அறுவடைக்கு நிற்கும் வயலாக இருக்காது, தண்ணீர் வராமல் காய்ந்த வயலாகிவிடும். இந்த ஊர்க்காரனுக்கு அந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் பள்ளத்தாக்குக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கூடலூர், கம்பம் பக்கம் மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும். ஊர் நிழலாகிவிடும். ஆனால் வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும், கிழக்கே மேகமலைச் சரிவில் வெயில் நின்றுகொண்டிருக்கும். அந்த அரை மணி, முக்கால் மணி நேரம்தான் இலைக்கு உரிய நேரம். நிழல் வெட்டு இல்லை, பளபளப்பு இல்லை, நிறம் தன் அளவில் நிற்கும். நிழலில் நீலம் கொஞ்சம் கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் மாவிலையைப் பார்த்தால் பாதி இலை வானத்தின் வெள்ளையைத்தான் காட்டும். போலரைசர் போட்டுத் திருப்பினால் அந்த மினுக்கு போகும், அடியில் இருக்கும் நிறம் வரும். நல்ல சாமான்தான். ஆனால் கடைசி வரை திருப்பாதீர்கள். மினுக்கை முழுதாய் எடுத்துவிட்டால் இலை பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. மழை நனைத்த இலை கொஞ்சம் மினுங்கத்தான் வேண்டும்.

சிவப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் வேலியில் செங்காந்தள் பூக்கும், நம் மாநில மலர். அதை எடுத்துப் பார்த்தால் இதழில் ஒரு மடிப்பும் தெரியாது, சிவப்பு மை கொட்டியது போல இருக்கும். ஏன்? மொத்த வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று கேமரா சொல்லும்போதே சிவப்பு மட்டும் வழிந்துவிடுகிறது. ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியே பாருங்கள். எக்ஸ்போஷரை அரைப் படி, ஒரு படி குறையுங்கள். திரையில் கொஞ்சம் மங்கலாய்த் தெரியும், பயப்படாதீர்கள். வழிந்த நிறத்தை எந்தக் கம்ப்யூட்டரும் அள்ளித் தராது.

நிறமே இல்லாமல் வாழ்ந்த ஒருவரையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்துத் தந்திருக்கிறார், தேடிப் படியுங்கள். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய கருவியை வைத்துக்கொண்டு எடுத்தார். நான் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்று. உங்கள் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சீட்டுக்கட்டு போலச் சரிந்து விழுகிறதா? அப்படியென்றால் நிறம் மட்டும்தான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. கிளையின் வளைவும், இலையின் தொங்கலும், பின்னால் இருக்கும் இருட்டும் நிற்கிறதா? நிறத்தைத் திரும்பக் கொடுங்கள், தாங்கும்.

காட்டுக்குப் போவதைப் பற்றி. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே சோலைக்காட்டின் ஓரத்தில் மாசி, பங்குனியில் தளிர் விடும்போது பாருங்கள், நாங்கு மரத்தின் கொழுந்து இளஞ்சிவப்பு. தூரத்திலிருந்து பூ என்றே நினைப்பீர்கள். சாலையில் நின்று எடுங்கள். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். உள்ளே இறங்கி ஒரு கிளையை வளைத்துக் கட்டிவைத்து எடுத்த படத்தை என்னிடம் காட்டாதீர்கள். நான் ஒருவரைத் திட்டியிருக்கிறேன். தெளிப்பானில் தண்ணீர் அடித்துப் பனித்துளி உண்டாக்கியவரையும் திட்டியிருக்கிறேன். அப்புறம் அவரே நல்ல நண்பராகிவிட்டார், இங்கேதான் இரண்டாவது வரிசையில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன்.

கடைசியாக ஒன்று, இதை மெதுவாகச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் போடி மலைப் புல்வெளி மஞ்சளும் பழுப்புமாய்ச் சாய்ந்து கிடக்கும். மாலை வெயிலில் அதைவிட அழகு இந்த மாவட்டத்தில் இல்லை என்று ஒரு காலத்தில் நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2018 மார்ச் 11, குரங்கணி மலையில் அதே புல் எரிந்தது. மலையேற வந்த பிள்ளைகள், இருபது பேருக்கும் மேல், போய்விட்டார்கள். அந்தப் புல்லின் நிறம் என்ன சொல்கிறது என்று நமக்குத் தெரியாதா? தோட்டக்காரர் என் படத்தைப் படித்தாரே, அது போல மலையடிவாரத்துக்காரர்கள் அந்த மஞ்சளைப் படிப்பார்கள். ஈரம் இல்லை, காற்று மேலே ஏறுகிறது, போகாதே என்று. அன்றிலிருந்து பங்குனிப் புல்லைக் கீழே சாலையில் நின்றுதான் எடுக்கிறேன். எடுக்கும்போது வானத்தைச் சிவப்பாக்குவதில்லை. அந்த மலைக்குமேல் சிவப்பை வைக்க எனக்குக் கை வரவில்லை.

நேரம் ஆகிவிட்டது, டீ ஆறுகிறது என்று அமைப்பாளர் ஜாடை காட்டுகிறார். ஒரே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது.

அந்தத் தொண்ணூறுகளின் நெகட்டிவை நான் தூக்கிப் போடவில்லை. போன வருஷம் எடுத்துத் தூசி தட்டி, ஸ்கேன் செய்து, பொறுமையாக ஒரு பிரிண்ட் போட்டேன். தோட்டக்காரர் இப்போது இல்லை. அவர் மகளிடம் காட்டினேன். அந்த அம்மா இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா வேட்டி எப்பவும் இப்படித்தான் செம்மண் ஏறி இருக்கும்" என்றார்.

அந்தப் பிரிண்ட், லேபில் பச்சையாக்கிக் கொடுத்தது, நான் கருக்கியது, மூன்றையும் கொண்டுவந்திருக்கிறேன். டீ மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. எது எது என்று எழுதி வைக்கவில்லை. ட்யூப்லைட்டில் பார்க்காதீர்கள், மேற்குப் பக்கம் ஜன்னல் திறந்திருக்கிறது, அங்கே எடுத்துப்போய்ப் பாருங்கள். ஐந்தரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.